தலைமாட்டில் நிற்பவர்

ஒருவரைக் குப்புறத் திருப்ப
ஐந்து பேர் வேண்டும்.
வலப்பக்கம் இருவர், இடப்பக்கம் இருவர்.
தலைமாட்டில் நிற்பவர்
வாய்க்குள் போகும் குழாயைப் பிடித்துக்கொண்டு எண்ணுவார்.
மூன்று என்று அவர் சொல்லும்வரை
யாரும் அசையக் கூடாது.

வல்பரைசோவில் அந்தக் குளிர்காலம் முழுக்க
எண்ணியவள் யஸ்னா.
குள்ளம். ஆப்பிள் பெட்டி ஒன்றைக் கவிழ்த்து
அதன்மேல் ஏறித்தான் நிற்பாள்.
முகக்கவசம் இரண்டு, அதற்குமேல் கண்ணாடித் திரை,
அத்தனையும் தாண்டி வரும் குரல்.
அப்பா துறைமுகத்தில் மூட்டை இறக்கியவர்,
எண்ணக் கற்றது அங்கே என்பாள்.

மாலையில் பதினொரு பேரைக் குப்புற.
காலையில் அதே பதினொரு பேரை மல்லாக்க.
சில காலைகளில் ஒன்பது.

மாடிப்படி வளைவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது:
மனம் கனக்கிறதா, அழையுங்கள்.
கிழித்துக்கொள்ள வசதியாக
அடியில் வரிசையாக எண்கள்.
ஒன்றே ஒன்று கிழிபட்டிருந்தது.
யார் என்று யாரும் கேட்கவில்லை.
நான்தான்.
சட்டைப்பையோடு துவைத்துவிட்டேன்.

இரவு ஒன்பதானால்
குன்றுகளில் பாத்திரம் தட்டுவார்கள்,
எங்களைப் பாராட்டியாம்.
என் வீட்டுச் சொந்தக்காரி
லிஃப்ட் பக்கம் வரவேண்டாம் என்று
கதவிடுக்கில் சீட்டு செருகியிருந்தாள்.
கையெழுத்து அழகாக இருந்தது.
அவளும் தட்டியிருப்பாள்.

ஏழாம் படுக்கைக்காரர் வந்த இரவு
நெல்டாவும் நானும் வலப்பக்கம்,
எலிசியோவும் டாக்டர் ஆரவேனாவும் இடப்பக்கம்.
கைகளை அவருக்கு அடியில் கொடுத்தாயிற்று.
ஒன்று, என்றாள்.
இரண்டு.

மூன்று வரவில்லை.

எட்டுக் கைகள் ஒரு மனிதனுக்கு அடியில்.
இயந்திரம் அவருக்காக மூச்சு விட்டது,
விட்டது,
விட்டது.
யஸ்னாவின் கண் போன இடத்தை நானும் பார்த்தேன்.
விலகிய துணிக்குக் கீழே அவர் தோள்,
கழுத்தோரம் உள்ளங்கை அகலத்துக்குக்
காய்த்துப்போன தோல்.
முப்பது வருடம் மூட்டை உட்கார்ந்த இடம்.

எலிசியோ பேசாதவன்.
ஸ்ட்ரெச்சர் தள்ளுவான், தரை துடைப்பான்,
பெயரைக் கேட்டால் சட்டையில் இருப்பதைக் காட்டுவான்.
அவன் சொன்னான்:
"முதலிலிருந்து."

அவ்வளவுதான்.
ஒன்று, என்றாள். இரண்டு. மூன்று.
திருப்பினோம்.

பிறகு சலவை அறையில்
பைகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.
எழுந்திரு என்று யாரும் சொல்லவில்லை.
டாக்டர் ஆரவேனா, வயது இருபத்தேழு,
என்ன மருந்து கொடுப்பது என்று தெரியாதவர்போல் நின்றார்,
பிறகு அவரும் உட்கார்ந்தார்.
நெல்டா குனிந்து அவள் காலணியைக் கழற்றினாள்.
எலிசியோ ஒரு மாண்டரின் உரித்து
ஐந்தாகப் பிரிக்கப் பார்த்தான்.
பத்துச் சுளை இருந்தது. சரியாகப் போயிற்று.
"மூன்று மாதமாயிற்று அப்பாவைப் பார்த்து,"
என்றாள் வாயில் சுளையோடு.
"ஜன்னலில் கைகாட்டுவார். நான் தெருவில் நிற்பேன்.
எவ்வளவு சம்பளம் என்று கத்துவார்."
சிரித்தாள். சிரித்தோம்.
அதற்குப் பிறகு அழுதவள் நெல்டா.

ஏழாம் படுக்கைக்காரர் என்ன ஆனார்?
சந்தியாகோவுக்கு விமானத்தில் மாற்றினார்கள்.
தெரியாது.

மறுநாள் பெட்டியில் ஏறியவன் நான்.
குழாய் பிடித்த கை நடுங்கியது.
"நடுங்கட்டும், விட்டுவிடாதே,"
வலப்பக்கத்திலிருந்து யஸ்னா.
இங்கே கொஞ்சம் கனம் குறைவு என்றும் சொன்னாள்,
அது பொய்.

ஒருவரைத் திருப்ப ஐந்து பேர் வேண்டும்.
நாங்கள் ஐந்து பேர் இருந்த நாள் குறைவு.
பெரும்பாலும் நான்கரை.
யாரோ ஒருவர் அன்றைக்குப் பாதிதான் வந்திருப்பார்,
மீதி எங்கேயோ ஒரு ஜன்னலுக்குக் கீழே நிற்கும்.
ஆகஸ்ட் வாக்கில்
அதற்கும் முறை வைத்துக்கொண்டோம்.

வியாழக்கிழமை எனக்கு.